வாசல் தாண்டிய சட்டம் – 7: மேல் தாளின் நிறம்

சென்ற வாரம் நியூயார்க்கில் நிறுத்தியிருந்தோம். 1976 டிசம்பரில் பன்னிரண்டு மனைவியர் நகரக் காவல்துறையை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 1978-ல் காவல்துறை இறங்கிவந்தது. கூப்பிட்டால் வருவோம், பெருங்குற்றம் நடந்ததாக நம்ப இடமிருந்தால் கணவன் என்று பாராமல் கைது செய்வோம் என்று எழுதிக் கொடுத்தது. அதற்கு முந்தைய பகுதிகளில், 1974-ல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் பெண்கள் சிலர் சேர்ந்து திறந்த அடைக்கல இல்லத்தையும், கைது செய்வதைக் காவலரின் கடமையாக்கிய ஓரிகன் மாநிலத்தின் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பார்த்தோம். இந்தப் பெண்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். தெருவில் ஒருவன் இன்னொருவரை அடித்தால் சட்டம் என்ன செய்யுமோ, அதையே வீட்டுக்குள்ளும் செய்ய வேண்டும்.

இந்த வாரம் ஆற்றைக் கடக்கிறோம். செயின்ட் பாலுக்கு எதிரே, மிசிசிப்பியின் மறுகரையில் மினியாபொலிஸ் இருக்கிறது. பெண்கள் உரிமையாகக் கேட்டதை ஆராய்ச்சியாளர்கள் பலனாக அளந்து பார்த்த ஊர் அது. அங்கே ஒரு கட்டுத் தாள் செய்த வேலை, அடுத்த சில ஆண்டுகளில் ஒரு நாட்டின் காவல் முறையையே மாற்றியது.

* * *

கண்முன் விழாத அடி

காவலர்கள் ஏன் கைது செய்யவில்லை? மனம் இல்லாததால் என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி சட்டத்திலேயே இருந்தது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் வழியே வந்த விதிப்படி, பெருங்குற்றம் என்றால் காவலர் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். சிறு குற்றமானால் அது அவர் கண்முன்னே நடந்திருக்க வேண்டும். மனைவியை அறைவதும் உதைப்பதும் பெரும்பாலும் சிறு குற்றக் கணக்கில்தான் எழுதப்பட்டன. அடி விழுவதோ காவலர் வருவதற்கு முன்னால். அவர் கதவைத் தட்டும்போது வீங்கிய முகம் இருக்கும், உடைந்த நாற்காலி இருக்கும், அழும் குழந்தை இருக்கும். குற்றம் மட்டும் நடந்து முடிந்திருக்கும். அந்தப் பெண் மறுநாள் நீதிமன்றத்துக்குப் போய் வாரண்ட் வாங்கிவர வேண்டும். அதுவரை அதே வீட்டில், அதே ஆளோடு.

இந்த விதியின்மேல் 1960-களில் புதிதாக ஒரு நம்பிக்கை வந்து உட்கார்ந்தது. 1967-ல் மார்ட்டன் பார்ட் என்ற உளவியல் பேராசிரியர் நியூயார்க்கின் மேற்கு ஹார்லெம் பகுதியில் 18 காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குடும்பச் சண்டையை நோய்போலப் பார்க்க வேண்டும், இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேசவிட வேண்டும், சமாதானம் செய்துவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கைது கடைசி வழி. நல்லெண்ணத்தோடு தொடங்கிய முயற்சி அது. நாடெங்கும் பரவியபோது, எதுவும் செய்யாமல் திரும்பிப் போவதற்கான படித்த காரணமாகப் பல ஊர்களில் அது மாறிவிட்டது. ‘சமாதானமாகப் போங்கள்’ என்ற பேச்சை நம் ஊர்க் காவல் நிலையங்களில் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடித்தவனையும் அடிவாங்கியவளையும் ஒரே தட்டில் வைத்து, இருவருக்கும் புத்திமதி சொல்லி அனுப்பும் முறை அது.

மினசோட்டாவின் பெண்கள் இயக்கம் இந்த இரண்டையும் எதிர்த்து வேலை செய்தது. 1978-ல் மாநிலச் சட்டமன்றம் விதியைத் தளர்த்தியது. வீட்டுக்குள் நடந்த அடிதடி சிறு குற்றமே ஆனாலும், காவலர் கண்ணால் பார்க்காவிட்டாலும், நம்பத் தகுந்த காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்றாகிவிட்டது. செய்யலாம் என்றதே தவிர, செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அந்த ‘லாம்’ விட்டுவைத்த இடத்தில்தான் இந்த வாரக் கதை நுழைகிறது.

* * *

குலுக்கல்

1970-களின் நடுவில் அமெரிக்கக் காவல்துறைக்கு ஒரு பெரிய அடி விழுந்திருந்தது. ‘போலீஸ் ஃபவுண்டேஷன்’ என்ற ஆராய்ச்சி அமைப்பு 1972, 73-ல் கான்சாஸ் சிட்டியில் ஒரு சோதனை நடத்தியது. ரோந்து வண்டிகளைச் சில பகுதிகளில் கூட்டியும் சிலவற்றில் அறவே நிறுத்தியும் பார்த்ததில், குற்றங்களின் எண்ணிக்கையில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. காவலர்கள் செய்வதில் எதுதான் பலன் தருகிறது என்று கேள்வி எழுந்தது. அதே அமைப்பின் சார்பில் லாரன்ஸ் ஷெர்மன் என்ற குற்றவியலாளரும் ரிச்சர்ட் பெர்க் என்ற சமூகவியலாளரும், மத்திய அரசின் தேசிய நீதி நிறுவனம் கொடுத்த பணத்தில், மினியாபொலிஸுக்கு வந்தார்கள். நகரின் காவல்துறைத் தலைவராக இருந்த டோனி பௌசா கதவைத் திறந்துவிட்டார்.

சோதனை 1981 மார்ச் 17 அன்று தொடங்கியது. பங்கேற்க முன்வந்த காவலர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கட்டு அறிக்கைத் தாள் கொடுக்கப்பட்டது. தாள்கள் மூன்று நிறம். ஒரு நிறத்துக்குப் பொருள் கைது. இன்னொன்றுக்குப் பொருள் புத்திமதி. தேவைப்பட்டால் இருவருக்கும் நடுவில் பேசிச் சமரசம் செய்துவைப்பதும் அதில் அடங்கும். மூன்றாவது, அடித்தவனை எட்டு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்வது. தாள்களைக் குலுக்கல் முறையில் முன்பின்னாக அடுக்கி, எண்ணிட்டுக் கட்டியிருந்தார்கள். காவலர் வீட்டுக்குப் போகிறார். அடித்தவனும் அடிபட்டவளும் அங்கேயே இருக்கிறார்கள். கடந்த நான்கு மணி நேரத்துக்குள் அடி விழுந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தான காயம் இல்லை. அப்படியானால் கட்டின் மேலே இருக்கும் தாளின் நிறம் என்னவோ அதைச் செய்ய வேண்டும். காவலர் தாக்கப்பட்டாலோ, கைது செய்தே தீர வேண்டும் என்று அந்தப் பெண் விடாமல் கேட்டாலோ, இருவருக்கும் காயம் இருந்தாலோ தாளை மீறலாம். மற்றபடி தாள் சொன்னதுதான்.

அந்த வாசற்படியில் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். உள்ளே ஒரு பெண் உதட்டைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். இன்றிரவு அவளோடு அவன் இருக்கப்போகிறானா, லாக்கப்பில் இருக்கப்போகிறானா என்பதைக் காவலரின் கையிலிருக்கும் ஒரு தாளின் நிறம் முடிவு செய்கிறது. தான் ஒரு சோதனைக்குள் இருப்பது அவளுக்கு அப்போது தெரியாது. இது அநியாயம் என்று தோன்றுவது இயல்பு. சோதனையின் தரப்பிலிருந்து இதற்கு வலுவான பதில் உண்டு: அதுவரை அவளுடைய கதியை முடிவு செய்தது எது? எந்தக் காவலர் வந்தார், அவர் மனம் எப்படி இருந்தது, அவருடைய பணி நேரம் முடிய எவ்வளவு இருந்தது என்பதுதான். அதுவும் ஒரு குலுக்கலே. யாரும் எதையும் கற்றுக்கொள்ளாத குலுக்கல். இந்தப் பதிலை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆனால் அதன் இன்னொரு பக்கத்தையும் மறக்கக் கூடாது. மூன்று நிறங்களையும் தேர்ந்தெடுத்தது காவல்துறையும் ஆராய்ச்சியாளர்களும். ஒரு வாரத்துக்குத் தங்க இடம், கையில் கொஞ்சம் பணம், ஒரு வக்கீல், பூட்டுப் போட்ட வேறொரு கதவு என்று ஆற்றுக்கு அக்கரையில் பெண்கள் ஏழு ஆண்டுகளாகக் கொடுத்துக்கொண்டிருந்த எதற்கும் அந்தக் கட்டில் ஒரு தாள் இல்லை.

* * *

பத்து, பத்தொன்பது, இருபத்து நான்கு

1982 ஆகஸ்ட் 1 அன்று சோதனை முடிந்தது. 314 சம்பவங்கள் கணக்கில் நின்றன. கைது என்று தாள் வந்த 92-ல் 91 இடங்களில் கைது நடந்தது. மற்ற இரண்டு நிறங்கள் அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படவில்லை. புத்திமதியோ வெளியேற்றமோ சொல்லியிருந்த 45 சம்பவங்களில் காவலர்கள் தாளை மீறிக் கைது செய்தார்கள். ஆக, 136 பேர் கைதானார்கள். இவர்களில் நீதிமன்றத்தில் அபராதமோ சிறையோ பெற்றவர்கள் 3 பேர். பத்தில் நான்கு பேர் ஒரே நாளிலும், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானோரும் வெளியே வந்துவிட்டார்கள். எனவே இங்கே ‘கைது’ என்பதைப் பெரும்பாலும் ஓரிரவோ சில நாளோ லாக்கப் என்றே படிக்க வேண்டும். வழக்கும் தண்டனையும் அதில் சேராது.

ஆறு மாதம் பொறுத்துக் காவல்துறைப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். அதே ஆள் மீண்டும் வன்முறையில் ஈடுபட்டதாகப் பதிவான விகிதம் கைதில் 10 சதவீதம், புத்திமதியில் 19, வெளியேற்றத்தில் 24. பதிவேட்டுக்கு வராத அடி எத்தனையோ இருக்கும் என்பதால் பெண்களிடமே நேரில் கேட்டார்கள். கேட்கப் போனவர்களும் பெண்களே. அதில் கைது 19 சதவீதம், புத்திமதி 37, வெளியேற்றம் 33. இரண்டு அளவுகோலிலும் கைதுதான் முன்னால் நின்றது.

தெளிவான முடிவு போலத் தெரிகிறது. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் இருந்தவற்றையும் பார்க்க வேண்டும். முதல் பேட்டிக்குக் கிடைத்த பெண்கள் 62 சதவீதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று 24 வாரம் விடாமல் பேசியவர்கள் 49 சதவீதம். மீதிப் பேர் இடம் மாறியிருக்கலாம், பயந்திருக்கலாம், பேச விரும்பாமல் இருந்திருக்கலாம். மோசமாக அடிவாங்கியவர்கள்தான் கண்ணில் படாமல் போனார்களா என்று அந்த எண்ணிக்கை சொல்லாது. சம்பவங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மூன்றே காவலர்கள் கொண்டுவந்தவை. அடுத்த தாளின் நிறம் காவலருக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால், தாளுக்கேற்றபடி சம்பவத்தைக் கணக்கில் சேர்க்கவோ விடவோ அவரால் முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விவரம்: கணக்கில் வந்த ஆண்களில் 60 சதவீதம் பேருக்கு வேலை இல்லை. அன்றைய மினியாபொலிஸில் வேலையில்லாதோர் 5 சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். அப்படியென்றால் இந்தச் சோதனை ஊர் முழுவதையும் அளக்கவில்லை. காவலரைத் தவிரக் கூப்பிட வேறு ஆள் இல்லாத வீடுகளை அளந்தது.

ஷெர்மனும் பெர்க்கும் இவற்றை மறைக்கவில்லை. 1984 ஏப்ரலில் அமெரிக்கச் சமூகவியல் ஆய்விதழில் வந்த கட்டுரையிலேயே குறைகளைப் பட்டியலிட்டார்கள். ஒரே ஊரின் முடிவை வைத்து எல்லா இடத்திலும் கட்டாயக் கைதுச் சட்டம் போட வேண்டாம், வேறு ஊர்களிலும் செய்து பார்க்க வேண்டும் என்றார்கள். தக்க காரணம் இருந்தாலொழியக் கைது செய்வது நல்லது என்பதுதான் அவர்கள் சொன்ன எல்லை. அந்த எல்லையை நாடு ஒரே தாவில் தாண்டியது.

* * *

தாவல்

காரணம் ஒன்றல்ல. முதல் காரணம் செய்தி வேகம். கட்டுரை வெளிவருவதற்கு ஓராண்டு முன்பே, 1983-ல், நியூயார்க் டைம்ஸ் முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டுவிட்டது. ஷெர்மனும் செய்தியாளர்களைத் தேடிப்போனவர். ஆராய்ச்சி அலமாரியில் தூங்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அடுத்து 1984 செப்டம்பர். குடும்ப வன்முறை பற்றி அரசுத் தலைமை வழக்கறிஞர் அமைத்த பணிக்குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. கைதே முறையான பதில் என்றது. மினியாபொலிஸ் எண்களைச் சாட்சிக்கு அழைத்தது.

மூன்றாவது காரணம் கனெக்டிகட் மாநிலத்தின் டொரிங்டன் என்ற சிறிய நகரிலிருந்து வந்தது. அங்கே ஒரு பெண், பிரிந்துபோன கணவன் கொல்லப்போவதாக மிரட்டுகிறான் என்று எட்டு மாதம் திரும்பத் திரும்பக் காவல் நிலையம் ஏறினார். 1983 ஜூனில் ஒருநாள் மீண்டும் அழைத்தார். காவலர் வந்து சேர்வதற்குள் அவன் அவரைப் பலமுறை கத்தியால் குத்தியிருந்தான். வந்த காவலரின் முன்னிலையிலேயே, விழுந்து கிடந்தவரின் தலையில் உதைத்தான். அவர் பிழைத்தார், உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. 1984-ல் மத்திய நீதிமன்றம், வெளியாள் தாக்கினால் பாதுகாப்பதும் கணவன் தாக்கினால் விட்டுவிடுவதும் சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று சொல்லி வழக்கை ஏற்றது. 1985-ல் ஜூரி 23 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. நாடெங்கும் நகராட்சிகளின் கணக்கர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு கையில் கைது பலன் தரும் என்ற ஆய்வு, இன்னொரு கையில் கைது செய்யாவிட்டால் நகரம் திவாலாகும் என்ற தீர்ப்பு. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களின் காவல்துறைகளைக் கேட்டுப் பார்த்தபோது, சிறு அடிதடியிலும் கைதை விரும்பும் கொள்கை 1984-ல் 10 சதவீத இடங்களில்தான் இருந்தது. 1985-ல் 31 ஆனது, 1986-ல் 46 ஆனது.

இந்த வேகத்தில் யாரும் நின்று பிரித்துப் பார்க்காத ஒன்று இருக்கிறது. இந்தப் பகுதியை எழுதுவதே அதற்காகத்தான். டொரிங்டன் தீர்ப்பும் மினியாபொலிஸ் ஆய்வும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன; ஆனால் ஒரே வழியில் வரவில்லை. தீர்ப்பு உரிமையின் வழியில் வந்தது: இந்தப் பெண்ணும் குடிமகள்தான், சட்டத்தின் காவல் இவளுக்கும் உண்டு. அவனைக் கைது செய்வதால் அவன் திருந்துவானா மாட்டானா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. வங்கிக் கொள்ளையனைக் கைது செய்வதற்கு முன் இவன் மீண்டும் கொள்ளையடிக்கும் விகிதம் என்ன என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? ஆய்வு வந்தது பலனின் வழியில்: கைது செய்தால் மறு அடி குறைகிறது, ஆகவே கைது செய். 1976-ல் நியூயார்க் மனைவியர் முதல் வழியில் நடந்தார்கள். 1984-க்குப் பிறகு சட்டமன்றங்களிலும் காவல் பயிற்சிப் பள்ளிகளிலும் கேட்டதெல்லாம் இரண்டாவது வழியின் பேச்சு. பலனைக் காட்டி வாங்கிய உரிமையில் ஓர் ஆபத்து ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நாளை பலன் இல்லை என்று இன்னொரு ஆய்வு சொன்னால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள்.

இதற்கு உடனே எழும் மறுப்பு எனக்குத் தெரியும். உரிமை என்று பேசிப் பேசி என்ன கிடைத்தது, ஓர் ஆய்வின் மூன்று எண்கள் பத்தாண்டு ஊர்வலம் சாதிக்காததைச் சாதித்தனவே என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. காவல்துறைத் தலைவர்கள் பெண்ணுரிமைக்காரர்களுக்குக் காது கொடுத்ததைவிட, தங்கள் மொழி பேசிய ஆய்வுக்கு அதிகம் காது கொடுத்தார்கள். கான்சாஸ் சிட்டியில் நீங்கள் செய்வதால் பயனில்லை என்று சொன்ன அதே அறிவியல், இங்கே நீங்கள் செய்வது பலிக்கிறது என்றது, கேட்கக் கசக்குமா? ஆனால் ஊர்வலம் எதுவும் சாதிக்கவில்லை என்பது வரலாற்றுக்கு மாறானது. 1978-ல் மினசோட்டாச் சட்டத்தை மாற்றியது இயக்கம். அந்தச் சட்டம் இல்லையென்றால், கண்ணால் பார்க்காத அடிக்குக் காவலர் கைது செய்ய முடியாது. கட்டில் கைதுக்கென்று ஒரு நிறமே இருந்திருக்காது. இயக்கம் போட்ட பாதையில்தான் ஆய்வு நடந்தது. பிறகு பாதைக்கு ஆய்வின் பெயரை வைத்துவிட்டார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கைதைக் கேள்வி கேட்பது பழைய ‘சமாதானமாகப் போங்கள்’ காலத்துக்கே வழி திறக்காதா? டொரிங்டன் பெண்ணின் முகத்தைப் பார்த்து இந்த வாதத்தைச் சொல்ல முடியுமா? அவருக்குத் தேவைப்பட்டது கைதுதான். அதில் எனக்கு ஐயமே இல்லை. எட்டு மாதத்தில் ஏதேனும் ஒருநாள் அவனைப் பிடித்து உள்ளே வைத்திருந்தால் அந்த ஜூன் மாதம் வேறு மாதிரி போயிருக்கும். நான் சொல்வது வேறு. அவர் வாய்விட்டுக் கேட்டார், கேட்டும் கிடைக்கவில்லை. கட்டாயக் கைதோ, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றையே கொடுக்கும். இரண்டிலும் அந்தப் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பில்லை. கட்டாயச் சட்டம் வந்த ஊர்களில் காவலர் வீட்டுக்குள் நுழைந்து இரு பக்கமும் கீறலைப் பார்த்து இருவரையும் வண்டியில் ஏற்றிய சம்பவங்கள் பெருகின. டொரிங்டனைத் தந்த கனெக்டிகட்டே 1986-ல் கட்டாயக் கைதுச் சட்டம் கொண்டுவந்து, பிறகு இந்த இரட்டைக் கைதுச் சிக்கலில் நெடுங்காலம் உழன்றது. தடுப்பதற்காக அவன் கையைக் கடித்தவளும் குற்றவாளிப் பட்டியலில் சேர்ந்தாள்.

* * *

யாரும் எடுத்துச் செல்லாத எண்

மினியாபொலிஸ் அறிக்கையில் இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. வந்த காவலர் உங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டாரா என்றும் பெண்களிடம் விசாரித்திருந்தார்கள். கைது நடந்த வீடுகளில், கேட்டார் என்று சொன்ன பெண்களிடையே மறு வன்முறை 9 சதவீதம். கேட்கவில்லை என்று சொன்னவர்களிடையே 26. கைதும் அதே கைது, லாக்கப்பும் அதே லாக்கப். நடுவில் இருந்த வேறுபாடு, ஒரு காவலர் சில நிமிடம் நின்று அவளைப் பேசவிட்டதுதான்.

இதை வைத்து ஒரேயடியாக முடிவு கட்டக் கூடாது. காதுகொடுத்துக் கேட்பதற்குக் குலுக்கல் இல்லை. அமைதியான வீட்டில் காவலர் நிதானமாகக் கேட்டிருக்கலாம், கலவரமான வீட்டில் கேட்க முடியாமல் போயிருக்கலாம். ஆய்வின் ஒழுங்குப்படி இது பலவீனமான சான்று. அது எனக்கும் தெரியும். ஆனால் 10, 19, 24 என்ற எண்களின் பலவீனங்களைப் பொறுத்துக்கொண்ட நாடு, 9, 26 என்ற எண்களை மட்டும் ஏன் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை? 9-க்கும் 26-க்கும் இடையிலான வேறுபாட்டுக்கு ஆராய்ச்சியாளர்களே ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: காவலர் காதுகொடுக்கும்போது அவருடைய பலம் அந்தப் பெண்ணுக்கும் சேர்கிறது, அவளைத் தாங்க ஆள் உண்டு என்று அவன் அறிகிறான். அடைக்கல இல்லத்துப் பெண்கள் 1974 முதல் சொல்லிக்கொண்டிருந்ததும் இதுதான். ஆனால் கைதைச் சட்டமாக எழுதலாம். நடந்ததா இல்லையா என்று பதிவேட்டில் எண்ணலாம். செய்யாத காவலர் மீது வழக்குப் போடலாம். காதுகொடுத்துக் கேட்பதை அப்படி எழுத முடியாது. அதற்குப் பயிற்சி வேண்டும், நேரம் வேண்டும், ஆட்கள் வேண்டும். பிறகு அந்தப் பெண் ‘எனக்கு வீடு வேண்டும்’ என்று சொன்னால் வீடும் வேண்டும். ஓரிரவு லாக்கப் இவை எல்லாவற்றையும்விட மலிவு.

1980-களின் அமெரிக்காவில் இது சின்ன விஷயமில்லை. ரீகன் அரசு ஏழைகளுக்கான வீட்டு வசதிக்கும் உதவித்தொகைக்கும் கத்தரி வைத்துக்கொண்டிருந்த காலம். சிறைகளோ நிரம்பிக்கொண்டிருந்தன. பெண்கள் இயக்கம் அரசிடம் நீட்டிய பட்டியலில் பல வரிகள் இருந்தன. அரசு தனக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரே வரியை எடுத்துக்கொண்டது. அதற்கு அறிவியல் கையெழுத்தும் கிடைத்தது.

* * *

ஆறு நகரங்கள்

மீண்டும் செய்து பார்க்க வேண்டும் என்று ஷெர்மனும் பெர்க்கும் சொன்னதைத் தேசிய நீதி நிறுவனம் ஏற்றது. 1986 முதல் ஒமாஹா, சார்லட், மில்வாக்கி, கொலராடோ ஸ்பிரிங்ஸ், மயாமியைச் சுற்றிய டேட் கவுண்டி, அட்லாண்டா என்று ஆறு இடங்களில் அதே குலுக்கல் தொடங்கியது. இந்த முறை காவலர் கையில் தாள்கட்டு இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள். ஆனால் சட்டமன்றங்கள் காத்திருக்கவில்லை. விஸ்கான்சினில் 1989-ல் கட்டாயக் கைதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அதே மாநிலத்து மில்வாக்கியின் முடிவுகள் இன்னும் அச்சேறவில்லை.

முதலில் வந்தது ஒமாஹா. 1990-ல் அச்சான முடிவு இது: ஆறு மாதத்தில் கைது, சமரசம், வெளியேற்றம் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அதே ஊரில் ஓரத்தில் நடந்த இன்னொரு சோதனை ஆச்சரியம் தந்தது. காவலர் வருவதற்குள் ஓடிவிட்டவர்கள் கணிசமாக இருந்தார்கள். அவர்களில் யார் மீது வாரண்ட் போடப்பட்டதோ அவர்கள் மீண்டும் அடிப்பது குறைந்திருந்தது. பிடிபட்டவனைவிடப் பிடிபடப்போகிறவன் அதிகம் அடங்கினான். சார்லட்டும் கைதால் பலன் இல்லை என்றது. டேட் கவுண்டியிலும் கொலராடோ ஸ்பிரிங்ஸிலும் சில அளவுகோல்களில் கைதுக்குப் பலன் தெரிந்தது. பல ஆண்டுகள் கழித்து ஐந்து ஊர்களின் 4,032 சம்பவங்களையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தவர்கள், பெண்களின் சொல்படி கைது மறு வன்முறையைக் கொஞ்சம் குறைத்தது என்றார்கள். கைது செய்தாலும் செய்யாவிட்டாலும் பெரும்பாலான ஆண்கள் அந்தக் காலத்தில் மீண்டும் பிடிபடவில்லை, சிறுபான்மையினரே திரும்பத் திரும்ப அடித்தார்கள் என்பதும் அதே கணக்கில் இருந்தது. கைதால் பலனே இல்லை என்று வாதிடுவோருக்கு இது பதில். கைது எல்லாப் பெண்களையும் காக்கும் என்று நம்பியவர்களுக்கும் இதுவே பதில். சராசரி என்பது யாருடைய வீடும் இல்லை. ஒரு வீட்டில் குறைந்ததையும் இன்னொரு வீட்டில் கூடியதையும் சேர்த்து வகுத்தால் வருவது அது.

அப்படிக் கூடிய வீடுகள் எங்கே இருந்தன? அந்தக் கேள்வி நம்மை மிச்சிகன் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்கிறது. 1987 ஏப்ரலில் மில்வாக்கியில் ஷெர்மன் தன் இரண்டாவது சோதனையைத் தொடங்கினார். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த நகரம். காவலரை அழைத்த வீடுகளில் பெரும்பாலானவை கறுப்பினத்தவரின் வீடுகள். 1,200 சம்பவங்கள். இங்கே மூன்று வழிகள்: முழுக் கைது, மூன்று மணி நேரக் கைது, எச்சரிக்கை. விலங்கு மாட்டி அழைத்துச் செல்லப்பட்டவர்களில் பலருக்குத் திங்கட்கிழமை காலையில் போவதற்கு வேலை இல்லை. பேர் கெட்டுவிடுமே என்று அஞ்ச ஒரு மேலாளர் இல்லை. மூன்று மணி நேரத்தில் விடுவிக்கப்பட்டவன், தன்னைக் கைது செய்ய வைத்தது யார் என்ற நினைப்போடு, இருட்டில் அதே படியேறி அதே கதவைத் தட்டுகிறான். இழக்க ஒன்றுமில்லாதவனை அந்த லாக்கப் அடக்கியதா, சீண்டிவிட்டதா? கதவுக்கு உள்ளே இருந்த பெண்ணிடம் இதை யாராவது முன்கூட்டிக் கேட்டார்களா?

(அடுத்த வாரம்: மில்வாக்கி)